பன்னுக்குள் புகுந்த ரூபன்

சாப்பாட்டு வேளையில் அமெரிக்கர் ஒருவரிடம் 'ரூபன்' என்று சொன்னால், அது எந்த ஊர் ஆசாமியின் பெயர் என்று அவர் கேட்கமாட்டார். "எந்தக் கடையில்?" என்றுதான் கேட்பார். அந்த நாட்டில் அவ்வளவு பிரசித்தி பெற்ற ஸாண்ட்விச் அது.

ரை என்ற தானியத்தின் மாவில் சுட்ட பழுப்பு ரொட்டி இரண்டு துண்டு. நடுவே, உப்பு நீரில் நாட்கணக்காக ஊறிப் பிறகு பூப்போல் வெந்த மாட்டிறைச்சி. அதன் மேல் புளிக்க வைத்த முட்டைக்கோஸ். அதற்கும் மேல் ஸ்விஸ் பாலாடைக்கட்டி, அதாவது சீஸ். ரஷ்யன் டிரெஸ்ஸிங் எனப்படும் இளஞ்சிவப்பு ஸாஸ் ஒரு கரண்டி. ரொட்டியின் வெளிப்புறத்தில் வெண்ணெய் தடவிக் கல்லில் போட்டு, இருபுறமும் பொன்னிறமாகச் சிவந்ததும் எடுத்தால் ரூபன் தயார்.

மாமிசம் தொடாத வாசகர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அவர்களுக்கும் கடைசியில் ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது.

ரூபனிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கல்லிலிருந்து இறக்கிய சூட்டோடு அதைச் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறவிட்டால் ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும், சீஸ் ரப்பராகிவிடும். கடையில் இதனால் தொல்லை இல்லை. அங்கே ஆள் நீளத்துக்குக் கல் இருக்கிறது. அதன் பின்னால் சம்பளம் வாங்கும் மனிதர் நிற்கிறார். வீட்டில்தான் வம்பு. சாதாரண வாணலியில் ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் போட இடமிராது. பன்னிரண்டு பேர் வந்திருந்தால் ஆறு ஈடு. ஈடு ஒன்றுக்கு எட்டு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல். முதல் ஈடு வாங்கியவர் சாப்பிட்டு முடித்து, காப்பியும் குடித்து, கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். வீட்டு அம்மாள் கடைசியாகத் தனக்கென்று ஒன்றைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காரும்போது, எதிரே பேச ஆள் இருக்காது. தோசை வார்க்கும் கைகளுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு அமெரிக்கக் குடும்பங்கள் கண்ட உபாயம் எளியது. ரொட்டிக்கு நடுவே பண்டத்தை வைப்பதற்குப் பதிலாக, பச்சை மாவுக்குள்ளேயே பூரணமாக வைத்து மூடி, பன்னிரண்டையும் ஒரே தட்டில் அடுக்கி ஓவனுக்குள் தள்ளிவிடுவது. கதவைச் சாத்தினால் அரை மணி நேரம் அடுப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். எல்லாம் ஒன்றாக வேகின்றன. எல்லாரும் ஒன்றாக உட்காருகிறார்கள். சமைத்தவரும் உட்காருகிறார்.

கடையை நம்பியே வாழ்ந்த ஒரு பண்டம் வீட்டுக்குள் குடியேறிய கதை இது. முதலில் அது பிறந்த கதையைப் பார்த்துவிடலாம். அதிலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

ஒரு பிள்ளைக்கு இரண்டு தகப்பன்மார்

நியூயார்க் நகரத்தில் ஆர்னால்டு ரூபன் என்று ஒருவர் இருந்தார். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூதர். பிரசித்தமான சாப்பாட்டுக் கடை நடத்தியவர். நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் நடுநிசியில் வந்து மொய்க்கும் கடை. வாடிக்கையாளர்களான நட்சத்திரங்களின் பெயரை ஸாண்ட்விச்சுகளுக்குச் சூட்டுவது அவருடைய வியாபார தந்திரம். 1914-ஆம் ஆண்டில் ஓர் இரவு, நடிகை ஒருத்தி பசியோடு வந்து நின்றாளாம். கைக்கு அகப்பட்டதையெல்லாம் அடுக்கி ஒரு ஸாண்ட்விச் செய்து கொடுத்தாராம். அதற்குத் தன் பெயரை வைக்கும்படி அவள் கேட்க, அவர் தம் பெயரையே வைத்துக்கொண்டாராம்.

கதை சுவையானதுதான். ஆனால் அவருடைய மகள் பிற்காலத்தில் கொடுத்த ஜாபிதாவைப் பார்த்தால் சந்தேகம் எழுகிறது. அந்த ஸாண்ட்விச்சில் இருந்தவை பன்றித்தொடை இறைச்சி, வான்கோழி, ஸ்விஸ் சீஸ், புளிக்காத பச்சைக் கோஸ் கலவை. உப்பிறைச்சியும் இல்லை, புளித்த கோஸும் இல்லை. பெயர் இருக்கிறது, ஆள் வேறு.

இன்னொரு வாரிசு நெப்ராஸ்கா ராஜ்யத்திலிருந்து வருகிறார். அமெரிக்காவின் நடுவே, கண்ணுக்கெட்டிய தூரம் சோளமும் மாட்டு மந்தையுமாகப் பரந்து கிடக்கும் சமவெளி அது. அங்கே ஒமாஹா நகரத்தில் பிளாக்ஸ்டோன் என்ற பெரிய ஹோட்டல். 1920-ஆம் ஆண்டில் அதை சார்லஸ் ஷிம்மல் என்பவர் வாங்கினார். அந்தக் காலத்தில் அங்கே வாராவாரம் சீட்டாட்டம் நடக்கும். ஆட வருகிறவர்களில் ஒருவர் ரூபன் குலகோஃப்ஸ்கி. லிதுவேனியாவில் பிறந்து ஒமாஹாவில் மளிகை வியாபாரம் செய்தவர். ஆட்டத்தின் நடுவே பசித்தபோது, உப்பிறைச்சியும் புளித்த கோஸும் வைத்து ஏதாவது செய்து அனுப்பச் சொன்னார் என்றும், ஹோட்டல்காரரின் மகன் பெர்னார்டு அதோடு சீஸையும் டிரெஸ்ஸிங்கையும் சேர்த்துக் கல்லில் வாட்டிக் கொடுத்தார் என்றும் ஷிம்மல் குடும்பத்தார் சொல்லி வருகிறார்கள்.

இதுவும் குடும்பக் கதைதானே என்று கேட்கலாம். ஆனால் இந்தக் கட்சிக்குக் காகித சாட்சி இருக்கிறது. 1934-ஆம் ஆண்டின் பிளாக்ஸ்டோன் ஹோட்டல் உணவுப் பட்டியலில் ரூபன் என்ற பெயர் அச்சாகியிருக்கிறது. பக்கத்து நகரமான லிங்கனில் கார்ன்ஹஸ்கர் ஹோட்டலின் 1937-ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இருக்கிறது. நியூயார்க் தரப்பில் நடிகையின் பசிதான் சாட்சி. ஒமாஹா பக்கம் தீர்ப்புச் சொல்வதே நியாயம்.

நாடு முழுவதும் பேர் வாங்கிக் கொடுத்ததும் ஒமாஹாதான். 1956-ல் நடந்த தேசிய ஸாண்ட்விச் போட்டிக்கு, பிளாக்ஸ்டோனில் பரிமாறும் வேலை பார்த்திருந்த ஃபெர்ன் ஸ்னைடர் என்ற பெண்மணி இந்தச் செய்முறையை அனுப்பினார். முதல் பரிசு கிடைத்தது. அதன் பிறகுதான் ஊருக்கு ஊர் ரூபன் பரவிற்று. 2013-ல் ஒமாஹா நகரம் மார்ச் 14-ஆம் தேதியை ரூபன் தினமாகவே அறிவித்தது. சீட்டாடிய மளிகைக்காரரைப் பலர் மறந்துவிட்டார்கள். பந்தி பரிமாறிய அம்மாளை அதைவிட அதிகமாக மறந்துவிட்டார்கள்.

ஏழை வீட்டுச் சரக்கு

ரூபனுக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் வறுமை கற்றுக்கொடுத்த சிக்கனம்.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் மார்புப் பகுதி. உழைத்து உரமேறிய சதை, லேசில் வேகாது. அதனாலேயே ஒரு காலத்தில் மலிவு. யூத சமய விதிப்படி மாட்டின் பின்பாகத்தை உண்ண வேண்டுமானால் குறிப்பிட்ட நரம்பையும் கொழுப்பையும் நுணுக்கமாகக் களைய வேண்டும். அது பெரிய வேலை என்பதால் முன்பாகத்து இறைச்சியே அவர்கள் வீட்டுக்கு வரும். இந்த மார்புக்கறியைத்தான் உப்பு நீரில் ஒரு வாரம் போல ஊறவைத்து, மூன்று மணி நேரம் சிறு தீயில் வேகவைத்தார்கள். இதன் பெயர் கார்ன்டு பீஃப். சோளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய ஆங்கிலத்தில் தானிய மணிக்கும் கல் உப்புக்கும் ஒரே சொல் வழங்கியதால் வந்த பெயர். வெந்த பிறகும் இறைச்சி சிவப்பாகவே இருப்பதற்குக் காரணம், ஊறல் உப்பில் கலக்கும் சோடியம் நைட்ரைட்.

புளித்த கோஸ் இன்னும் எளியது. கோஸை நூல்போல் நறுக்கி, கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பிட்டு, அதன் நீரிலேயே அமுங்கும்படி ஜாடியில் அழுத்தி வைத்தால் மூன்று நாலு வாரத்தில் தானே புளித்துவிடும். குளிர்காலம் முழுதும் கெடாது. ஜெர்மானியர் வழியாக அமெரிக்காவுக்கு வந்த பண்டம் இது. முதல் உலக யுத்தத்தின்போது ஜெர்மன் பெயரைச் சொல்லவே கசந்ததால், 1918-ல் இதற்கு 'விடுதலைக் கோஸ்' என்று பெயர் மாற்றினார்கள். யுத்தம் முடிந்ததும் பழைய பெயரே திரும்பிவிட்டது. புளிப்பு மட்டும் இரண்டு பெயரிலும் ஒன்றுதான்!

ரை என்பது குளிர் மிகுந்த, வளம் குன்றிய மண்ணிலும் விளையும் தானியம். கிழக்கு ஐரோப்பியக் குடியானவனின் சோறு. ரஷ்யன் டிரெஸ்ஸிங் மட்டும் ரஷ்யாவைப் பார்த்ததே கிடையாது. அது அமெரிக்காவிலேயே பிறந்தது.

சேரக் கூடாத இரண்டு

யூதக் கடைகளின் ஸாண்ட்விச் என்றே உலகம் ரூபனைச் சொல்கிறது. ஆனால் ஆசாரமுள்ள யூதர் இதைத் தொடமாட்டார். மாமிசத்தையும் பாலையும் ஒன்றாகச் சமைக்கக் கூடாது, ஒன்றாக உண்ணக் கூடாது என்பது அவர்களுடைய சமய விதி. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ரூபனிலோ இறைச்சியின் மேலேயே சீஸ் உருகி வழிகிறது.

குடியேறிய முதல் தலைமுறைக்கு விதி பெரிதாக இருந்தது. பிள்ளைகள் தலைமுறைக்கு, தாய் சமைத்த ருசி வேண்டும், தாய் காத்த கட்டுப்பாடு வேண்டாம் என்று ஆயிற்று. ஆசாரக் கடைகளுக்குப் பக்கத்திலேயே, அதே சாப்பாட்டை விதியைப் பாராமல் பரிமாறும் கடைகள் தோன்றின. ரூபன் குடியிருந்தது அந்த இரண்டாவது வகைக் கடைகளில்.

டெலிகாடெஸன் என்ற ஜெர்மன் சொல்லைச் சுருக்கி இந்தக் கடைகளை டெலி என்பார்கள். கண்ணாடிப் பெட்டியில் இறைச்சி அடுக்கியிருக்கும். கூரிய கத்தியோடு நிற்பவர், கேட்ட பண்டத்தைக் கேட்ட கனத்தில் சீவித் தருவார். கொழுப்பு வேண்டுமா, மெலிவாக வேண்டுமா என்று கேட்பார். பேரம், வம்பு, கேலி எல்லாம் அந்த மரப்பலகையின் குறுக்கே நடக்கும். 1930-களில் நியூயார்க் நகரத்தில் ஆசார டெலிகளே ஆயிரத்துக்கு மேல் இருந்தன. இன்று அவை விரல்விட்டு எண்ணக்கூடிய நிலைக்கு வந்துவிட்டன. வாடிக்கையாளரின் பிள்ளைகள் புறநகருக்குக் குடிபோனார்கள். சீவிய இறைச்சி சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்தது. கடை வாடகை ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழைச் சதையான பிரிஸ்கெட்டைப் பணக்காரர்களும் விரும்பத் தொடங்க, அதன் விலையும் ஏறியது. ஆசாரக் கடைகள் மட்டுமல்ல, மற்றவையும் தப்பவில்லை. பேர்பெற்ற ஸ்டேஜ் டெலி 2012-ல் மூடப்பட்டது. 1937-ல் தொடங்கிய கார்னகி டெலி 2016 டிசம்பர் 31-ஆம் தேதி நியூயார்க்கில் தன் கடைசி ஸாண்ட்விச்சை விற்றது. 1888-லிருந்து நடக்கும் காட்ஸ் கடை மட்டும் கூட்டம் குறையாமல் இருக்கிறது. அங்கே இறைச்சி ஸாண்ட்விச் ஒன்றின் விலை 20 டாலருக்கு மேல்.

நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு வேளைக்கு 80 டாலர் எடுத்து வைக்குமா? வீட்டில் செய்துகொள்ளும் ஆசை அங்கிருந்து பிறப்பதில் ஆச்சரியம் என்ன?

வோல்காவிலிருந்து வந்த பன்

மாவுக்குள் இறைச்சியும் கோஸும் வைத்துச் சுடும் வித்தை நெப்ராஸ்காவுக்குப் புதிதல்ல. ரூபன் பிறந்த அதே ராஜ்யத்தில், அதற்கு முன்பே அது வந்து சேர்ந்திருந்தது.

1763-ல் ருஷ்ய மகாராணி இரண்டாம் காதரின், வெறிச்சோடிக் கிடந்த நிலங்களில் குடியேற வரும்படி வெளிநாட்டாருக்கு அழைப்பு விடுத்தாள். ஆயிரக்கணக்கான ஜெர்மானியக் குடும்பங்கள் வோல்கா நதிக்கரைக்குப் போய்ப் பயிர் செய்தன. பட்டாளத்தில் சேரவேண்டாம் என்ற சலுகையும் அவர்களுக்கு இருந்தது. நூறு வருஷம் கழித்து, 1870-களில், அந்தச் சலுகை பறிபோயிற்று. பிள்ளைகளைப் பட்டாளத்துக்குக் கொடுக்க மனமில்லாத குடும்பங்கள் கப்பலேறின. பலர் வந்து இறங்கியது நெப்ராஸ்கா, கான்சாஸ் சமவெளிகளில்.

ருஷ்ய மண்ணில் அவர்கள் கற்ற பண்டம் கூடவே வந்தது. ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த கோதுமை மாவுக்குள் கொத்திய இறைச்சி, கோஸ், வெங்காயம் வைத்து மூடிச் சுட்ட பன். கான்சாஸில் இதை பீராக் என்கிறார்கள், நெப்ராஸ்காவில் ரன்ஸா. வயலுக்குப் போகிறவர் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். 1949-ல் லிங்கன் நகரில் ஒரு சகோதரியும் சகோதரனுமாக இதை விற்க ஒரு சிறு கடை போட்டார்கள். அதுவே பிறகு ரன்ஸா என்ற பெயரில் ராஜ்யம் முழுதும் கிளைவிட்ட சங்கிலிக் கடையாயிற்று.

யூத மளிகைக்காரரின் ஸாண்ட்விச்சும் ஜெர்மன் குடியானவரின் பன்னும் ஒரே சமவெளியில், ஐம்பது அறுபது மைல் இடைவெளியில் பல வருஷம் தனித்தனியே வாழ்ந்திருக்கின்றன. ரூபன் பன் என்பது அந்த இரண்டு வீட்டுக்கும் நடந்த கல்யாணம் என்று சொல்லலாம்.

இதற்குக் கடைச்சரக்கும் கைகொடுத்தது. பிசைந்த மாவை அட்டைக் குழாயில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கும் முறைக்கு 1931-ல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. குழாயை மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் 'டப்'பென்று வாய் பிளக்கும். உள்ளே மாவு தயாராக இருக்கும். 1965-ல் பில்ஸ்பரி கம்பெனி பிறை வடிவ ரோல் மாவை இப்படி விற்க ஆரம்பித்த பிறகு, அகப்பட்டதையெல்லாம் மாவில் சுருட்டிச் சுடுவது வீட்டுக்கு வீடு வழக்கமாயிற்று. அவசரத்துக்கு அது போதும். ஆனால் அந்த மாவு சற்றுத் தித்திக்கும். ரூபனுக்கு அந்தத் தித்திப்பு ஒட்டாது. ஓர் ஒன்றரை மணி நேரம் கையிலிருந்தால் மாவை வீட்டில் பிசைவதே மேல்.

மாவும் பூரணமும்

பன்னிரண்டு பன்னுக்குக் கணக்கு இது. மைதா 400 கிராம், ரை மாவு 60 கிராம். ரை மாவே முழுதும் போடலாகாதா என்றால், ஆகாது. கோதுமையில் உள்ள இழுவை ரையில் இல்லை. வட்டமாக இட்டு, பூரணம் வைத்து இழுத்து மூடினால் கிழிந்துவிடும். வாசனைக்கு இந்த அளவு போதும். காய்ந்த ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை ஒரு மேஜைக்கரண்டி, உப்பு ஒரு சிறு கரண்டி, வெண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி, முட்டை ஒன்று, வெதுவெதுப்பான பால் 240 மில்லி. பால் விரல் பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதிக்கும் பாலை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். பிறகு எத்தனை நேரம் காத்திருந்தும் மாவு எழும்பாது. பத்து நிமிஷம் நன்றாக அடித்துப் பிசைந்து, மூடி, ஒரு மணி நேரம் வைத்தால் மாவு இரட்டிப்பாக உப்பும்.

பூரணத்துக்கு வெந்த உப்பிறைச்சி 350 கிராம், பிழிந்த புளித்த கோஸ் 200 கிராம், துருவிய ஸ்விஸ் சீஸ் 200 கிராம். ஸாண்ட்விச்சுக்குச் சீவுவதுபோல் நீளத் துண்டாக இறைச்சியைப் போடக் கூடாது. கடிக்கும்போது முழுத் துண்டும் பல்லோடு உருவிக்கொண்டு வந்துவிடும். மிச்சப் பன் காலியாகிவிடும். நார் ஓட்டத்துக்குக் குறுக்காக வெட்டி, பிறகு பொடியாகக் கொத்திக்கொள்ள வேண்டும். உப்பு மேலும் சேர்க்க வேண்டாம். இறைச்சி, கோஸ், சீஸ் மூன்றிலும் வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது.

கோஸைப் பிழிவதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. இந்தப் பன்னைச் செய்து பார்த்துக் கைவிட்டவர்களின் புகார் ஒன்றே: மேலே பொன்னிறம், அடியில் பச்சை மாவு. காரணம் கோஸின் நீர். ஸாண்ட்விச்சில் அந்த நீர் கல்லில் ஒழுகி ஆவியாகிப் போய்விடும். பன்னுக்குள் அதற்குப் போக்கிடம் கிடையாது, மாவைத்தான் ஊறவைக்கும். வடிதட்டில் போட்டுவிட்டால் போதாது. மெல்லிய துணியில் முடிந்து, சொட்டு நிற்கும்வரை முறுக்கிப் பிழிய வேண்டும். பிழிந்ததைக் கால்கரண்டி வெண்ணெயில் இரண்டு நிமிஷம் வதக்கி ஆறவிட்டால் இன்னும் உத்தமம்.

மாவைப் பன்னிரண்டு உருண்டையாக்கி, ஒவ்வொன்றையும் ஐந்து அங்குல வட்டமாக இடவேண்டும்; ஓரம் மெலிந்தும் நடு சற்றுக் கனத்தும் இருக்கட்டும். வைக்கும் வரிசையிலும் கவனம் தேவை. முதலில் சீஸ், அதன் மேல் கோஸ், கடைசியில் இறைச்சி. ஓரங்களைக் கொழுக்கட்டைபோல் கூட்டிக் கிள்ளி, கிள்ளிய பக்கம் அடியில் வரும்படி தட்டில் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்த்ததும் வரிசை தலைகீழாகிறது: சீஸ் மேலே, இறைச்சி கீழே, ஈரமுள்ள கோஸ் மாவைத் தொடாமல் நடுவே. சூடு ஏறியதும் சீஸ் உருகிக் கீழே இறங்கி எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பூரணம் சூடாக இருக்கும்போது மூடினால் கிள்ளிய இடம் வாயைப் பிளந்துவிடும்.

இருபது நிமிஷம் ஓய்வு கொடுத்து, மேலே அடித்த முட்டை பூசி, கேரவே விதை தூவ வேண்டும். பார்வைக்குச் சீரகம்போல் இருக்கும், வாசனை வேறு. அமெரிக்க டெலிகளின் ரை ரொட்டி மணக்கிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ரையை அல்ல, இந்த விதையைத்தான் முகர்கிறார்கள். உச்சியில் கத்தி முனையால் ஒரு சிறு கீறல், ஆவி வெளியேற. 190 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் 20 முதல் 25 நிமிஷம். எடுத்த உடனே கடிக்கிறவர் நாக்கைச் சுட்டுக்கொள்வார்; உருகிய சீஸ் பொல்லாதது. பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும்.

டிரெஸ்ஸிங்கை உள்ளே ஊற்றக் கூடாது. அதில் முக்கியப் பொருள் மயோனைஸ். முட்டைக் கருவில் எண்ணெயை அடித்துச் சேர்த்த கலவையாதலால், ஓவன் சூட்டில் எண்ணெய் தனியே பிரிந்து மாவை நனைத்துவிடும். மயோனைஸ் அரைக் கிண்ணம், தக்காளி கெச்சப் மூன்று மேஜைக்கரண்டி, துருவிய ஹார்ஸ்ராடிஷ் வேர் ஒரு சிறு கரண்டி, பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய் இரண்டு மேஜைக்கரண்டி. கலந்து பக்கத்தில் வைத்துவிட்டால், அவரவர் தொட்டுக்கொள்ளலாம். உள்ளே கொஞ்சம் உறைப்பு வேண்டுமென்றால் கடுகு விழுது ஒரு தீற்று தடவலாம்.

வட்டமாக இட்டு மூடுவதற்குப் பொறுமையில்லாதவர்கள், மாவை ஒரே பெரிய பாயாக விரித்து, எல்லாவற்றையும் பரப்பி, சுருட்டி, பன்னிரண்டாக அறுத்து அடுக்கிச் சுடுகிறார்கள். வேலை பாதி. சீஸ் வழிந்து தட்டில் முறுகும். அந்த முறுகலைச் சுரண்டித் தின்னக் குழந்தைகள் சண்டையிடும். ஆனால் கையில் எடுத்துக்கொண்டு நடக்க முடியாது.

ஒப்பாதவர்களும் உண்டு

ரூபன் பக்தர்கள் இந்தப் பன்னை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. வெண்ணெயில் வாட்டிய ரை ரொட்டியின் மொறுமொறுப்புத்தான் ரூபனின் உயிர், மெத்தென்ற பன்னுக்குள் அதைப் போட்டால் சத்தமில்லாத பட்டாசு என்பது அவர்கள் கட்சி. அதில் உண்மை இருக்கிறது. ஒற்றை ஆளுக்கு ஒற்றை ரூபன் என்றால் கல்லில் வாட்டியதற்கு ஈடு கிடையாது. பன்னிரண்டு பேர் என்றால் வாதம் மாறிவிடுகிறது. மொறுமொறுப்பு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்று கேட்டால், கல்லுக்கு முன் நிற்பவரின் தட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பக்தர்களில் எத்தனை பேர் அந்த இடத்தில் நின்றிருப்பார்கள்?

அமெரிக்க வீடுகளில் இந்தப் பன்னுக்கு ஏற்ற பருவம் மார்ச் மாதம். 17-ஆம் தேதி ஐரிஷ் வம்சத்தாரின் செயின்ட் பாட்ரிக் திருநாள். அன்று அமெரிக்காவெங்கும் உப்பிறைச்சியும் கோஸும் வேகும். அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள், ஊரில் சாப்பிட்ட பன்றி இறைச்சிக்குப் பதிலாக நியூயார்க் யூதக் கசாப்புக் கடைகளின் மலிவான உப்பிறைச்சியை வாங்கப் பழகியதால் வந்த வழக்கம் என்பார்கள். திருநாளுக்காக அந்த வாரம் உப்பிறைச்சி மலிவு விலையில் வரும். மறுநாள் குளிர்ப்பெட்டியில் மிச்சமிருப்பது நேரே பன்னுக்குள் போகிறது. சுட்டு ஆறிய பன்களைக் காகிதத்தில் சுற்றி உறையவைத்தால் இரண்டு மாதம் தாங்கும்; 175 டிகிரியில் இருபது நிமிஷம் வைத்தால் மறுபடி சூடாகிவிடும். வெளியே மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. உள்ளே இருப்பது இறைச்சி.

மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். வான்கோழியும் பச்சைக் கோஸ் கலவையும் வைத்ததை 'ரேச்சல்' என்று பெண்பெயரால் அழைக்கிறார்கள். அறவே மாமிசம் ஆகாதவர்கள் காளானைச் சீவி, நீர் சுண்ட வறுத்து, மிளகும் கொத்துமல்லி விதையும் பொடித்துப் போட்டு இறைச்சியின் இடத்தில் வைக்கிறார்கள். உப்பிறைச்சி ஊறும் நீரில் போடும் மசாலைகளில் அவை இரண்டும் உண்டு என்பதால் வாசனை ஏறக்குறைய அதுவாகவே வந்துவிடும். காளானும் நீர் விடும் சரக்கு. நன்றாகச் சுண்டாமல் இறக்கக் கூடாது. முட்டையும் ஆகாது என்றால், மாவில் முட்டைக்குப் பதில் பாலைச் சற்றுக் கூட்டி, மேலேயும் பாலையே பூசிவிடலாம். தொட்டுக்கொள்ள மயோனைஸ் கலவைக்குப் பதில் கெட்டித் தயிரில் கடுகு விழுதைக் கலக்கலாம். கோஸைப் பிழிவதில் மட்டும் எவருக்கும் சலுகை கிடையாது.